சக்திமான் வருவாரா?



சென்ற மாதம் குமாரலிங்கபுரத்தில் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம். செபமாலையும் நற்செய்திப் பகிர்வும் முடிந்து கடுங்காப்பி வந்த நேரத்தில், அந்த வீட்டுப் பாட்டி மெல்ல என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். "சாமி, பேத்திக்கு ஒரு தடவை மந்திரிச்சு விடுங்க. மூணு நாளா பொழுது சாஞ்சா கொல்லைப்பக்கம் போக மாட்டேங்குறா. ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து அழறா" என்றார்கள்.

விசாரித்தேன். காரணம் பேயுமில்லை, காற்றுமில்லை. கைப்பேசியில் ஒரு மாயாஜாலத் தொடர். பெண் ஒருத்தி பாம்பாக மாறுவதும், மந்திரவாதி கண்ணால் நெருப்பைக் கக்குவதுமாகப் போகும் கதை. அதில் நல்லவளாக வந்த ஒரு தாயை, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரே வீச்சில் கொன்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் "அது கதைதான்டி, நடிப்புடி" என்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தச் சிறுமியும் "தெரியும்" என்றுதான் சொல்கிறாளாம். ஆனாலும் அழுகிறாள்.

தெரியும் என்கிறாள், ஆனாலும் பயப்படுகிறாள். இந்த முரண்பாட்டை நான் இதற்கு முன்பும் ஒருமுறை கண்டிருக்கிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு கரிசல் காட்டுப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அப்போது ஊரெங்கும் சக்திமான் காலம்.

இன்றைய இளைஞர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். 'சக்திமான்' தொடர் 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஒளிபரப்பானது. மகாபாரதத் தொடரில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னாதான் சக்திமான். சாதாரண நாள்களில் கண்ணாடி போட்ட அப்பாவிப் புகைப்படக்காரராக ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பார். ஆபத்து என்றால் பம்பரம்போல் சுழன்று, பொன்னிற அலங்காரம் வைத்த செந்நிற உடையில் வானத்தில் பறந்து வந்து காப்பாற்றுவார். இந்தியில் ஒரு சொல்லும் அறியாத எங்கள் பிள்ளைகள் அதன் ஒரு காட்சியையும் தவறவிட்டதில்லை. ஞாயிறு நண்பகல் அது வரும் என்பதால், இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் எல்லாக் கண்களும் சுவர்க் கடிகாரத்தின்மேல்தான் இருக்கும். பத்துக் கட்டளைகளை அவ்வளவு வேகமாக ஒப்புவித்த தலைமுறையை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை!

அந்தக் காலத்தில்தான், 1998, 1999 ஆண்டுகளில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து நெஞ்சை உலுக்கும் செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்தார்கள், தங்கள்மீதே தீ வைத்துக்கொண்டார்கள் என்று நாளிதழ்கள் எழுதின. பெற்றோர் பதறினார்கள். தொடரை நிறுத்தவேண்டும் என்று குரல்கள் எழுந்தன. முகேஷ் கன்னா அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். பின்னாளில் அளித்த பேட்டிகளிலும் மறுத்தே வந்திருக்கிறார். அவர் மறுத்ததோடு நிற்கவில்லை. திரையிலேயே பிள்ளைகளுக்கு முன் வந்து, 'நான் செய்வதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள்' என்று எச்சரித்தார். பறக்கும் காட்சிகளை எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்பதையும் விளக்கினார்கள்.

நான் என்ன செய்தேன்? அந்தச் செய்தியை வாசித்த ஞாயிறு அன்றே பீடத்தில் நின்று முழங்கினேன். 'இந்தத் தொடரைப் பார்க்கவிடும் பெற்றோர் பிள்ளைகளின் கையில் தீப்பெட்டி கொடுக்கிறார்கள்' என்றேன். பங்கு இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தேன். செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது, யார் விசாரித்தார்கள், அந்தப் பிள்ளையின் வீட்டில் வேறு என்ன துயரம் இருந்தது என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. தீக்காயம் பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்டவுடன் யார்மீது குற்றம் சுமத்தலாம் என்று தேடிய மனம், கைக்குக் கிடைத்த சக்திமானைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பங்கிலேயே ஒரு சிறுவன் விழுந்தான். எட்டு வயது இருக்கும். சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வைக்கோல் படப்பின்மேல் ஏறிச் சுழன்றிருக்கிறான். கீழே இறங்கும்போது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டுடன் கிடந்தவனைப் பார்க்கப் போனேன். மனத்திற்குள், வெட்கத்தோடு சொல்கிறேன், 'நான் சொன்னது பலித்துவிட்டது' என்ற ஒரு திருப்தி இருந்தது.

"சக்திமான் வருவாருன்னு நெனைச்சியாடா?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "வரமாட்டாருன்னு தெரியும் சாமி" என்றான். சற்று நேரம் கழித்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒருவேள வந்துட்டா?" என்றான்.

பிள்ளைகள் ஏமாளிகள், திரையில் காண்பதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் அதுவரை என் எண்ணம். அந்தப் பையனோ நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அவன் பேச்சில் இருந்ததை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உளவியல் ஆய்வில் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் 1991-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டி காலி என்பதைக் காட்டினார்கள். பிறகு, 'இதற்குள் ஒரு முயல் இருப்பதாக நினைத்துக்கொள்' என்று சிலரிடமும், 'ஒரு பூதம் இருப்பதாக நினைத்துக்கொள்' என்று சிலரிடமும் சொன்னார்கள். உண்மையில் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், 'இல்லை, சும்மா நினைத்துக்கொண்டோம்' என்று பிள்ளைகள் தெளிவாகவே சொன்னார்கள். ஆனால், ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போகப்போவதாகச் சொன்னதும், பூதத்தை நினைத்த சின்னப் பிள்ளைகளில் சிலர் 'போகாதீர்கள்' என்றார்கள். தனியாக விடப்பட்ட பிள்ளைகளில் பலர் பெட்டியின் அருகே போய்த் தொட்டும் திறந்தும் பார்த்தார்கள். பின்னர்க் கேட்டபோது, 'உள்ளே ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது' என்று கணிசமானோர் ஒப்புக்கொண்டார்கள்.

பொய் எது, மெய் எது என்று பிரிக்கும் அறிவு அந்த வயதிலேயே வந்துவிடுகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆனால், நெஞ்சில் அழுத்தமாகப் பதிந்துவிட்ட ஒரு காட்சியை 'இல்லை' என்று தள்ளிவிடும் பலம் அந்த அறிவுக்கு இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்வரை அறிவு வெல்கிறது. தனியாக விட்டால் பூதம் வெல்கிறது. இதில் பெரியவர்களாகிய நாம் அப்படியொன்றும் மாறுபட்டவர்கள் அல்லர். பேய் இல்லை என்று பகலில் அடித்துப் பேசுகிறவர் நள்ளிரவில் சுடுகாட்டுப் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டுதானே நடக்கிறார்?

சக்திமான் தொடங்கிய அதே 1997-இல், டிசம்பர் 16 மாலை, ஜப்பானில் இன்னொன்று நடந்தது. 'போக்கிமான்' என்ற மாய விலங்குகள் பற்றிய கார்ட்டூன் தொடர் அது. அன்றைய காட்சியில் சிவப்பும் நீலமும் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு முறை வீதம் சில நொடிகள் மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு வலிப்பும் வாந்தியும் தலைசுற்றலும் ஏற்பட்டன. அன்று 685 பிள்ளைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடிய உடல்வாகு சிலருக்கு உண்டு. அவர்களைப் பொறுத்தமட்டில் அது பயமோ நம்பிக்கையோ அல்ல, மூளையை ஒளி நேரடியாகத் தாக்கிய விபத்து. ஆனால் கதை அங்கே முடியவில்லை. செய்தி ஒளிபரப்பில் அதே மின்னல் காட்சியை மறுபடியும் காட்ட, அதைப் பார்த்து இன்னும் சிலருக்கு உடல்நலம் கெட்டது. செய்தி பரவப் பரவ, தங்களுக்கும் ஏதோ செய்தது என்று சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. இவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது வலிப்பன்று, பிறரைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட அச்சமே என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. மின்னும் காட்சிகளுக்கு வரம்பு விதிக்கும் நெறிமுறைகளும் வந்தன. (ஓர் இடைச்செருகல்: அந்தக் காட்சியில் மின்னலை உண்டாக்கியது எல்லாருக்கும் பிரியமான பிகாச்சு. பழியைச் சுமந்து, அதன்பின் கதையில் தலைகாட்ட முடியாமற்போனது போரிகான் என்ற வேறொரு பாத்திரம். பழி சுமத்துவதில் ஊருக்கு ஊர் நாம் ஒன்றுதான்.)

ஆகவே ஒரு காட்சிக்குப் பிறகு 'பார்வையாளர்கள் அதிர்ந்தார்கள்' என்று செய்தி வரும்போது, அதில் உடல் பட்ட அடி எவ்வளவு, மனம் பட்ட அடி எவ்வளவு, அதைப் பற்றிய பேச்சு பெருக்கியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1938 அக்டோபர் 30 இரவு அமெரிக்காவில், செவ்வாய்க் கோள்வாசிகள் பூமியைத் தாக்குவதாக ஆர்சன் வெல்ஸ் நடத்திய வானொலி நாடகத்தைக் கேட்டு நாடே கிலி பிடித்து ஓடியது என்று அன்றைய நாளிதழ்கள் எழுதின. பயந்தவர்கள் இருந்தது உண்மை. நாடே ஓடியது என்பது மிகைப்படுத்தல் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், வானொலி ஆபத்தானது என்று சொல்வதில் நாளிதழ்களுக்கு ஓர் ஆதாயமும் இருந்தது. 1999-இல் பீடத்தில் முழங்கிய எனக்கு என்ன ஆதாயம்? மறைக்கல்வி வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்த கண்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியவர்கள்?

நம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு 'அரிச்சந்திரன்' நாடகம் போடுவார்கள். மயான காண்டத்தில் பாம்பு கடித்து இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி அழும்போது, அதுவரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்து அழுவார்கள். கதை முன்பே தெரியும். பையன் எழுந்து அடுத்த ஊர் நாடகத்துக்கு வண்டியேறப் போகிறான் என்பதும் தெரியும். வில்லனாகவே நடித்த நம்பியார், வாழ்க்கையில் பக்தி மிகுந்த குருசாமியாக ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போய் வந்தவர். அப்படிப்பட்டவரை உண்மையிலேயே கெட்டவர் என்று எண்ணிய தாய்மார்கள் ஏராளம். நம் பாஸ்கா நாடகங்களும் இதற்கு விலக்கல்ல. நான் பணியாற்றிய ஓர் ஊரில் யூதாசாக நடித்தவருக்கு மறுநாள் காலை டீக்கடையில் நெடுநேரம் டீ வரவில்லை. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. "கை வரல சாமி" என்றார்.

அதிர்ச்சிக் காட்சி என்றதும் இன்று உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் ஒரு பகுதி. சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர்தான் அதை எனக்கு விளக்கினார். குடும்பத்தோடு பார்க்கத்தக்க தொடர் அல்ல. ஆபாசமும் இரத்தமும் மிகுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு வந்த எதிர்வினை கவனிக்கத்தக்கது. 2013 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான அந்தப் பகுதியில், ராப் ஸ்டார்க் என்ற இளம் அரசன், தன் தாயோடும் கருவுற்ற மனைவியோடும் ஒரு திருமண விருந்துக்குப் போகிறான். விருந்து கொடுக்கும் கிழவனுக்கு அவன்மேல் பழைய பகை உண்டு: அவருடைய பெண்ணை மணப்பதாகச் சொன்ன வாக்கை ராப் மீறியிருந்தான். ஆயினும் வந்தவர்களுக்கு அப்பமும் உப்பும் கொடுத்தாயிற்று. அதை உண்டுவிட்டால் விருந்தாளிக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது அந்தக் கதையுலகின் புனிதமான நியதி. விருந்து நடக்கிறது, இசை மாறுகிறது, கதவு சாத்தப்படுகிறது. மூவரும் அங்கேயே கொல்லப்படுகிறார்கள்.

பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், எழுந்து நின்று கத்தினார்கள், இனி இந்தத் தொடரையே பார்க்கமாட்டோம் என்றார்கள். இது நமக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்திலிருந்தவர்கள் அதைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய மூல நாவல் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதைப் படித்தவர்களுக்கு இந்த விருந்தின் முடிவு பதின்மூன்று ஆண்டுகளாகத் தெரியும். நண்பர்களுக்கு ஒன்றும் சொல்லாமல், கேமராவை ஒளித்து வைத்து, அந்த நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

முதலில் இது எனக்குக் கொடுமையாகப் பட்டது. அடுத்தவன் அழுவதைப் படம் பிடித்துச் சிரிப்பதா? அந்த இளைஞர் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. "ஃபாதர், நான் அத புத்தகத்துல படிச்சப்ப ஹாஸ்டல்ல தனியா இருந்தேன். ராத்திரி ரெண்டு மணி. யார்கிட்டயும் சொல்ல முடியல. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இன்னொருத்தனுக்கும் தெரியணும்ல?" என்றார். துக்க வீட்டில் ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாக அழுகை எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் தூரத்து உறவு இது என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பும் அதில் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை.

அந்தக் காட்சி மட்டும் ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது? அதே தொடரில் அதைவிடக் கோரமான சாவுகள் உண்டு. டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே ஒரு கருத்தைச் சொன்னார்கள். வாரந்தோறும் நம் வீட்டுக்குள் திரை வழியாக வந்துபோகிறவர்களோடு நமக்கு ஒருவகைப் பழக்கம் உண்டாகிவிடுகிறது. அவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கோ அவர்கள் வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்றார்கள். எனவே திரையில் ஒருவர் சாகும்போது நம் மனம் கணக்கில் வைப்பது தெரிந்த ஒருவரின் சாவாகத்தான். அதோடு, கதைக்கும் நமக்கும் இடையே சொல்லாமல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. நல்லவன் அடிபடுவான், ஆனால் சாகமாட்டான். நாயகன் விழுவான், எழுவான். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஒப்பந்தத்தை விளக்கவேண்டியதே இல்லை. அந்த விருந்தில் கதைக்குள் ஒரு நம்பிக்கையும், கதைக்கு வெளியே நம்மோடு செய்த ஒப்பந்தமும் ஒரே நேரத்தில் முறிந்தன. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த ஊரில், உப்பிட்ட கையே வெட்டினால் எப்படி இருக்கும்?

இதை மார்ட்டின் முழுக்கக் கற்பனை செய்யவும் இல்லை. ஸ்காட்லாந்து வரலாற்றில் நடந்த இரு நிகழ்ச்சிகளே தமக்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1440-இல் எடின்பரோ கோட்டையில், சிறுவனாக இருந்த அரசனின் முன்னிலையில் விருந்துக்கு அழைக்கப்பட்ட டக்ளஸ் குலத்து இளைஞனும் அவன் தம்பியும் தலை வெட்டப்பட்டார்கள். 1692 பிப்ரவரியில் கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில், ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கவைத்துச் சோறு போட்ட குடும்பங்களை, விருந்தாளியாகத் தங்கிய படைவீரர்களே விடியுமுன் கொன்றார்கள். 'கதைதானே' என்று சொல்லித் தேற்றுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளட்டும். சில கதைகள் பயமுறுத்துவதற்குக் காரணம், அவை நடக்கக்கூடியவை என்று நம் அடிமனம் அறிந்திருப்பதே.

பேத்தியின் கதைக்கு வருகிறேன். பாட்டிக்காக அவள் தலையில் கைவைத்துச் செபித்தேன். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு டார்ச் விளக்கோடு கொல்லைப்பக்கம் போனேன். கழுவித் தொட்டி, விறகு, சீமைக்கருவேல வேலி, வேலிக்கு அப்பால் கண்மாய்க்கரை. ஒவ்வொன்றின்மேலும் அவளையே வெளிச்சம் அடிக்கச் சொன்னேன். வைக்கோல் படப்பிலிருந்து விழுந்த பையனிடம் நான் செய்யத் தவறிய ஒன்று, மேற்கொண்டு கேட்பது. அதனால் இந்த முறை கேட்டேன்.

"எது உனக்குப் பயமா இருக்கு? அந்த மந்திரவாதியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பாம்பா?"

அதுவும் இல்லை. வெகு நேரம் கழித்து, "அந்த அம்மா செத்துப்போச்சுல்ல? அதுக்கு ஒரு பாப்பா இருக்கு. அதுக்கு இனிமே யாரு சோறு ஊட்டுவா?" என்றாள்.

அவளுடைய தாயும் தந்தையும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். மழை பொய்த்த வருடம் போனவர்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்துபோகிறார்கள். பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கைப்பேசியை எடுத்துப் பாட்டியிடம் எண்ணைக் கேட்டேன். இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாளாம் அந்தத் தாய். எடுத்தவுடன், "சாமியா? அம்மாவுக்கு என்ன சாமி?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, கைப்பேசியைச் சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு, நானும் பாட்டியும் சற்றுத் தள்ளித் திண்ணையில் போய் உட்கார்ந்தோம்.